ஈபியின் கல்

ஏப்ரல் 9, செவ்வாய்

காலையில் மழை, மதியம் ஆலங்கட்டி, மாலையில் இரண்டும் சேர்ந்து. வானொலியில் "ஓரளவு வெயில்" என்றார்கள். அந்த ஓரளவு எங்கள் பிட்ஃபாரல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான் ஓட்டும் நூலக வண்டியின் இடது வைப்பர் மறுபடி படுத்துவிட்டது. தலையை வலது பக்கம் சாய்த்துக்கொண்டே நாற்பது மைல் ஓட்டினேன், கழுத்து இன்னும் நேராகவில்லை.

சாயங்காலம் ஊர்க் கூடத்தில் கூட்டம். கூட்டியவர் டூகல் இம்லாக். இறைச்சிக் கடைக்காரர், டன்னரிக் மலைக்கோட்டைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர், ஊரில் யாருக்கு என்ன நோய் என்பதை டாக்டருக்கு முன்னாலேயே தெரிந்துகொள்பவர். பல்கலைக்கழகத்திலிருந்து ப்ரியோனி என்று ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் வந்திருந்தாள். தெற்கத்திக்காரி, பல்லெல்லாம் நேராக இருந்தது. திரையில் இரண்டு படம் காட்டினாள். முதலாவது எழுபது வருடம் முன்னால் எடுத்தது: மலையுச்சியில், முற்காலத்தில் இந்தப் பக்கம் ஆண்ட பிக்ட் மக்கள் கட்டிய மதில், ஓர் ஆளின் மார்பளவு உயரம். இரண்டாவது போன மாதம் எடுத்தது: அதே மதில், முழங்காலளவு.

கல்லெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டாள். டூகல் முதலில் ஆடுகள் மேல் பழி போட்டார். பிறகு பனி. பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்றாவது படத்தைப் போட்டாள். மதிலுக்குப் பத்தடி தள்ளி எங்கள் கற்குவியல். எழுபது வருடம் முன்னால் இடுப்பளவு. இப்போது இரண்டு ஆள் உயரம்.

கூடத்தில் அத்தனை பேரும் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தோம்.

எங்கள் ஊரில் யார் செத்தாலும் வீட்டார் ஒரு கல்லில் பேரெழுதி மலையுச்சிக் குவியலில் வைப்பது வழக்கம். கல்லை அடிவாரத்திலிருந்து சுமந்துகொண்டு போக வேண்டும், அதுதான் முறை. ஆனால் பாதை செங்குத்து, கல்லோ கனம், மேலே போனால் பக்கத்திலேயே ஒரு சுவர் தயாராக நிற்கிறது. பெயின்ட் டப்பாவை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும். ஆயிரத்து நானூறு வருடம் நின்ற மதில். வடக்கேயிருந்து கப்பலில் வந்து நெருப்பு வைத்தவர்களால்கூட முடியாத காரியத்தை, நாங்கள் கண்ணீரோடும் மரியாதையோடும் செய்து முடித்துவிட்டோம்.

தீர்மானம்: மூன்று சனிக்கிழமைகளில் குவியலைப் பிரிப்பது. பேரெழுதிய கல்லை அந்தந்த வீட்டார் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். மற்றவை ப்ரியோனி சொல்கிறபடி மதிலடிக்குத் திரும்பும்.

ஏப்ரல் 12, வெள்ளி

வண்டி நெட்டா இருக்கும் சந்து வழியாகப் போகும் நாள். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளி. நெட்டா என் சொந்த அக்கா. பதினோரு வருடமாகப் பேச்சில்லை. அவளுக்கு வேண்டிய புத்தகங்களை அடுத்த வீட்டு ஜெஸி வந்து தன் அட்டையில் எடுத்துப் போவாள். எனக்குத் தெரியாது என்று இருவரும் நம்புகிறார்கள். திரும்பி வரும் புத்தகங்களில் அச்சுப்பிழை ஒவ்வொன்றும் பென்சிலால் திருத்தப்பட்டிருக்கும். முப்பது வருடம் பள்ளியில் இலக்கணம் நடத்தியவளின் கை சும்மா இருக்குமா?

இன்றைக்கு ஒரு கொலைக்கதை திரும்பியது. பதினேழு திருத்தம். கொலைகாரன் பேரையும் திருத்தியிருந்தால் தேவலாம்.

ஏப்ரல் 20, சனி

என் முழங்கால்கள் இனி என்னோடு ஒத்துழைப்பதாக இல்லை.

காலை ஒன்பதுக்கு இருபத்திரண்டு பேர் அடிவாரத்தில் சேர்ந்தோம். ஏறும் வழியெல்லாம் முட்புதர் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவர்கள் தப்ப முடியாது என்பதைப் பார்த்து, டூகல் பிக்ட் மக்களின் வரலாறு சொன்னார். அவர்கள் அதிகம் எழுதி வைக்காமல் போனதால் அவரை மறுக்க ஆளில்லை. இந்தக் கோட்டையின் ராஜாவுக்குச் செம்பட்டை முடி, இம்லாக் குடும்பத்துச் சாயல் என்பது வரை போனார்.

அம்மாவுக்குக் கல் வைக்க வந்த பிறகு பதினெட்டு வருடம் நான் இங்கே ஏறவில்லை. கோட்டை என்றால் என்ன? வாசல் என்று இரண்டு கல். அதற்குள் நுழைந்தால், வெளியே எவ்வளவு காற்று அடித்ததோ அவ்வளவு உள்ளேயும் அடிக்கிறது. கிணறு என்று ஒரு குழி, அதில் ஒரு சிப்ஸ் பாக்கெட். ஒரு மூலையில் நெருப்பில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கற்கள். அவற்றை யாராலும் பிரித்து எடுக்க முடியாததால் அந்த மூலை மட்டும் முழுசாக இருக்கிறது.

வரிசையாக நின்று கல்லைக் கை மாற்றினோம். ப்ரியோனி குவியலருகே நின்று பேர் வாசித்தாள். ரேஷன் கடை வரிசை மாதிரிதான். "மட்ஜ்!" "இங்க!" "ராப் ஸ்டூவர்ட்!" "எங்க மாமா, குடுங்க!" எங்கள் அப்பா வந்தார், அம்மா வந்தாள், இருவரையும் வாங்கித் தனியே வைத்தேன்.

பதினொன்றரைக்கு, கிழக்குப் பக்கத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துத் திருப்பினாள். மற்றக் கற்களில் பேர் வெளியே தெரியும். இதில் உள்பக்கம் இருந்தது. பச்சைப் பெயின்ட்.

"ஈபி," என்று வாசித்தாள். "ஈபி யாரோட ஆளு?"

உலகத்துக்கு நான் இஷ்பெல் ரென்னி. ஈபி என்று கூப்பிட்டவர்கள் மூன்றே பேர். அதில் இரண்டு பேர் என் காலடியில் கல்லாகக் கிடந்தார்கள்.

கையைத் தூக்கினேன். "உங்க சொந்தக்காரங்களா?" என்று கேட்டாள் ப்ரியோனி.

"இல்ல. நானேதான்."

டூகல் பழக்க தோஷத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டார். பாதியில் புத்தி வந்து தலையைச் சொறிந்துகொண்டார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

செத்தவள் இன்று காலை ஏழுக்கு எழுந்து, துணி துவைத்து, மாட்டிறைச்சி சுட்டு, புருஷனுக்குப் பரிமாறினாள். என் புருஷன் ஆலிக் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனுஷன் என்றைக்குச் சொன்னார்?

ஏப்ரல் 23, செவ்வாய்

வண்டி நின்ற இடமெல்லாம் துக்கம் விசாரிப்பு. ஆவிகளும் தாமதக் கட்டணம் வசூலிக்குமா என்று ஒரு கிழவர் கேட்டார். இரட்டிப்பாக என்றேன்.

சிரித்துச் சமாளித்துவிட்டு வண்டிக் கதவை மூடினால் உள்ளே எரிகிறது. பச்சைப் பெயின்ட் நெட்டா வீட்டு வாசற்கதவின் பச்சை. அவள் எழுதும் 'ஈ' எனக்குத் தெரியாதா? கூடப் பிறந்தவள் உயிரோடு இருக்கும்போதே அவளுக்குக் கல் வைக்கிற மனசு எப்படி வரும்? அப்படி நான் என்னதான் செய்துவிட்டேன்?

செய்தேன். எழுதியே வைக்கிறேன், இது என் நோட்டுப் புத்தகம்தானே. பதினோரு வருடம் முன்னால், மார்ச்சில், என் இடது மார்பில் கட்டி. ஆலிக்கைத் தவிர யாரிடமும் மூச்சுவிடவில்லை. யாராவது பாவப்பட்டுப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம். டூகலின் மனைவி அப்போது அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததை நான் யோசிக்கவில்லை. வீடு திரும்பிய மூன்றாம் நாள் நெட்டா வந்து கதவில் நின்றாள். ஆபரேஷன் அன்று காலையில் இறைச்சிக் கடையில்தான் விஷயமே தெரிந்ததாம். "சாசேஜ் வாங்கப் போன இடத்துலயா நான் இதத் தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டாள். எனக்கு வலி, மாத்திரை மயக்கம், சாக்கு எத்தனை வேண்டுமானாலும் சொல்லலாம். "உனக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி" என்றேன்.

கையுறையைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனாள். அவ்வளவுதான்.

அதற்காகக் கல்லா?

ஏப்ரல் 26, வெள்ளி

கடிதம் எழுதி, ஜெஸி கேட்டிருந்த புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்துவிட்டேன். "உள்ள இருக்கறது உனக்கில்ல" என்று அவளிடம் சொன்னேன். ஜெஸி காதுவரை சிவந்தாள். எழுதியது இது, நினைவிலிருந்து:

அன்புள்ள நெட்டா, என் மரணச் செய்தி எனக்குத் தாமதமாகக் கிடைத்தது. மன்னிக்கவும். நான் செத்துவிட்டதாக நினைத்து நீ எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு நன்றி. கல்லின் தரம் பிரமாதம், பிக்ட் ராஜாவின் மதிலிலிருந்து எடுத்ததல்லவா? இப்போது அதை என் சமையலறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறேன். நீ எந்தக் கிழமை அழுதாய் என்று தெரிவித்தால் வருடா வருடம் நானும் அழுதுகொள்வேன். இப்படிக்கு, காலஞ்சென்ற ஈபி.

நன்றாக எழுதினேன் என்றுதான் தோன்றியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விசிலடித்தேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

அட ஆண்டவனே.

ஆலிக் இன்றைக்குச் சமையலறையில் அந்தக் கல்மேல் இடறிக் கால்விரலை நசுக்கிக்கொண்டார். கெட்ட வார்த்தையெல்லாம் முடிந்ததும் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். பேர் உள்பக்கமா வெளிப்பக்கமா, எப்படி இருந்தது என்று கேட்டார். உள்பக்கம் என்றேன்.

"அப்ப அது செத்தவங்களுக்கு இல்லியே," என்றார். "நான் மொதத் தடவ எண்ணெய்க் கிணத்து வேலைக்குக் கடலுக்குப் போனப்ப உங்கம்மா எனக்கு ஒண்ணு வெச்சாங்க. பேரு உள்ளாற பாத்து. ஆபத்தான எடத்துக்குப் போறவங்களுக்கு வெக்கறது. உசுரோட திரும்பி வந்தா அவங்கவங்க கையாலயே எடுத்துப் போட்டுரணும். நான் வந்து எடுத்தேன்."

கல்லை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். "ஏன்யா, பத்து நாளா நான் இங்க கத்திக்கிட்டு இருக்கேன், ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலியே."

அப்போ அது ஆபரேஷன் அன்னிக்கு. கசாப்புக் கடையில கேட்டுட்டு நேரா மலைக்குப் போயிருக்கா. மார்ச் மாசம், அந்தக் காத்துல. நான் பிழைச்சு வரணும்னு. அதச் சொல்லத்தான் மூணாம் நாள் வந்தாளோ? வந்தவளிடம் நான் சொன்னது — வேண்டாம், மேலே எழுதியிருக்கிறது.

எடுத்துப் போடுவதை ஊர் மறந்துவிட்டது. வைப்பது மட்டும்தான் நினைவிருக்கிறது. எங்கள் ஊருக்குப் பொருத்தமான மறதிதான்.

கடிதம். ஐயோ, அந்தக் கடிதம்.

மே 1, புதன்

ஜெஸி வீட்டுக்கு ஓடினேன். அன்றைக்கே கொடுத்தாயிற்றாம். நெட்டா படித்தாளா என்றேன். "பென்சில எடுத்தா" என்றாள் ஜெஸி.

மே 4, சனி

கடைசிச் சனிக்கிழமை. நெட்டாவை எங்கும் காணோம். மதில் இப்போது தொடையளவு வந்திருக்கிறது. டூகல் தானே கட்டியதுபோல் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

மே 9, வியாழன்

நாளை வெள்ளி. வேறு எழுத ஒன்றுமில்லை.

மே 10, வெள்ளி

ஜெஸி புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விட்டாள். உள்ளே என் கடிதம். இரண்டு எழுத்துப்பிழை, ஒரு காற்புள்ளி, எல்லாம் திருத்தியிருந்தது. 'நான் செத்துவிட்டதாக நினைத்து' என்பதன் கீழே நேராக ஒரு கோடு. ஓரத்தில் ஒரே சொல்: தவறு.

வண்டிக்குள் மூன்று பேர் புத்தகம் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் பச்சைக் கதவைத் தட்டினேன்.

நெட்டா இளைத்திருந்தாள். கையில் ஊன்றுகோல். இடுப்பு சரியில்லையாம். கதவைப் பாதி திறந்தபடி நின்றாள். நான்தான் பேசினேன். கல்லைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆலிக் சொல்லித்தான் தெரியும், நீ வைத்தது எனக்கு எப்படித் தெரியும், யார் சொன்னார்கள், என்று கோர்ட்டில் நிற்பவள் மாதிரி அடுக்கினேன்.

"எனக்கு மட்டும் யாரு சொன்னா, உனக்கு ஆபரேஷன்னு?" என்றாள்.

என் தரப்பு வாதம் அத்தோடு முடிந்தது.

"மாசம் ஒருவாட்டி ஏறிப் பாப்பேன்," என்றாள் பிறகு. "இடுப்பு போற வரைக்கும். கல்லு அங்கயேதான் இருந்துச்சு. உன் வண்டிச் சத்தம் கேக்கும், நீ உசுரோடதான் இருக்கேன்னு தெரியும். ஆனா கல்லு அங்கயே இருந்துச்சு."

மன்னித்துவிடு என்றேன். அந்தச் சொல் இவ்வளவு சின்னது என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பேன். அவள் உள்ளே போய்க் கெட்டிலைப் போட்டாள். ரோவி என்கிற எங்கள் பக்கத்து உப்பு ரொட்டியைச் சூடாக்கி, வெண்ணெய் தடவி, தட்டை என் பக்கம் தள்ளினாள். அடுப்பிலேயே கருகவிட்டிருந்தாள், முழுசாகத் தின்றேன். ப்ரியோனி எடுத்ததெல்லாம் கணக்கில் வராது, திரும்ப வைத்து நீயே எடுக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். குவியலே இல்லையே என்றால், மதில் இருக்கிறதே என்கிறாள்.

வண்டிக்குத் திரும்பினபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மூன்று பேரும் தாங்களே முத்திரை போட்டுக்கொண்டு போய்விட்டிருந்தார்கள், தேதி தலைகீழாக.

மே 18, சனி

இளைஞர்கள் நாற்பது நிமிடத்தில் ஏறும் மலையில் நாங்கள் மூன்று மணி நேரம் ஏறினோம். நெட்டா பத்தடிக்கு ஒருமுறை நிற்பாள். நின்றதை ஒப்புக்கொள்ளாமல், பூ பார்க்கிறேன், பறவை பார்க்கிறேன் என்பாள். கல் என் முதுகுப் பையில். இந்த ஊரில் முறைப்படி அடிவாரத்திலிருந்து கல் சுமந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

மேலே ப்ரியோனி மதிலை அளந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னோம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் மேல் எதையும் வைக்க அனுமதி வேண்டும், படிவம் இருக்கிறது, ஆறு வாரம் ஆகும் என்றாள். பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "நான் கீழ உக்காந்து சாப்பிட்டுட்டு வரேன். அரை மணி நேரமாவது ஆகும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். தெற்கத்திக்காரர்களைப் பற்றி நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நெட்டா கல்லை மதில்மேல் வைத்தாள், பேர் உள்பக்கமாக. கொஞ்சம் நகர்த்தினாள். திருப்தியில்லாமல் இன்னும் கொஞ்சம். காற்று கண்ணைக் கரித்தது. "ம், எடு" என்றாள்.

எடுத்தேன். அழுகை வந்துவிட்டது. காற்றினால் என்று எழுத நினைத்தேன், இல்லை. பதினோரு வருடம் என்னை யாரோ உயிரோடு வைத்திருக்கப் பார்த்திருக்கிறார்கள், நான் அந்த வாசலைத் தாண்டித் தாண்டி வண்டி ஓட்டியிருக்கிறேன். நெட்டா கைக்குட்டையை நீட்டினாள். சுத்தமாக இல்லை.

மதிலில் சாய்ந்து உட்கார்ந்த பிறகு சொன்னாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை, வகுப்பில் தேதி எழுதச் சொல்வது போல.

"எனக்கும் கட்டி. உனக்கு இருந்த அதே பக்கம். ஜூன் பதினொண்ணு, அபர்தீன்ல ஆபரேஷன். உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

நான் கத்தினேன். இந்த உடம்போடு மலையேறுவாயா, புத்தி இருக்கிறதா, பறவையா பார்த்தாய் என்று. ஆடுகள் ஓடிவிட்டன. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, முடிந்ததா என்றாள். வேறு யாருக்கும் தெரியக் கூடாது, ஜெஸிக்குக்கூட என்றாள்.

உனக்கு நான் ஒரு கல் வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம், ஈபி. இந்தச் சுவரு நம்மால பட்டது போதும். நீ கூட வா."

ஜூன் 11, செவ்வாய்

நெட்டாவை நேற்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இன்றைக்கு லீவு போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன்.

காலையில் வேண்டுமென்றேதான் டூகல் கடைக்குப் போனேன். எப்போதும் செவ்வாய்க்கிழமை போகிறவள், போகாவிட்டால் சந்தேகம் வரும். ஆறு சாசேஜைப் பொட்டலம் கட்ட அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. நெட்டா வீட்டில் நேற்றிலிருந்து திரை மூடியே இருக்கிறது, எங்கேயாவது போயிருக்கிறாளா, உடம்பு கிடம்பு சரியில்லையா, நீங்கள் இப்போது பேசிக்கொள்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேனே என்று நூல்விட்டார். முகத்தில் அவ்வளவு பசி. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மதியத்துக்குள் மூன்று ஊருக்குப் போயிருக்கும்.

நல்லா இருக்கா என்றேன். இன்னும் மெல்லிசான சாசேஜ் இல்லையா என்றேன்.

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தரைக்கு நெட்டாவை உள்ளே கொண்டுபோனார்கள். இந்த நாற்காலியைச் செய்தவன் இதில் உட்கார்ந்தே பார்த்திருக்க மாட்டான். சாசேஜ் பை பக்கத்தில், வராந்தாவே மணக்கிறது. எதிரே ஒருவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது என்று பதினோரு வருடம் முன்னால் நான் ஒரு ஆளிடமாவது சொல்லியிருக்கலாம்.

இரண்டேகாலுக்கு நர்ஸ் வந்தாள். நெட்டாவின் ஆள் யார் என்றாள். நான்தான், தங்கச்சி என்றேன். கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்களாம். இன்னும் சோதனை இருக்கிறது, ஆனால் டாக்டர் முகம் சரியாகத்தான் இருந்தது என்றாள்.

"கண்ணு முழிச்சுட்டாங்க," என்றாள். "ஆனா ஒண்ணு, முழிச்சதுலேர்ந்து ஒரே கேள்விதான். கசாப்புக் கடைக்காரருக்குத் தெரியுமா, தெரியுமான்னு. மயக்க மருந்துல சில பேரு இப்படித்தான் ஏதாவது உளறுவாங்க."

"அவருக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க," என்றேன்.

போய்ச் சொன்னாள். உடனே தூங்கிவிட்டாளாம். நான்கு மணிக்கு உள்ளே விடுவார்கள்.